கதவு போட்டவர் எந்தப் பக்கம்

அவர் இடதா வலதா என்று போடியில் ஒரு தையல் கடையில் வாரம் தவறாமல் சண்டை நடக்கும். சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேர். தையல்காரர் செங்கொடிச் சங்கத்து ஆள். இன்னொருவர் ஏலக்காய் மண்டியில் கணக்கர், கதர்ச் சட்டை, பண்ணையார்களுக்கு வேண்டியவர். அவர்கள் யாரைப் பற்றிச் சண்டை போட்டார்களோ அவருக்கு மலையில் அறுபது ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. நான் அந்தத் தோட்டத்துக்குச் சுமை தூக்கினவன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அரசியல் தெரியாது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி அந்த இரண்டு பேரையும் விட எனக்கு அதிகம் தெரியும். என் பெண்டாட்டியைக் கொன்றது அவர்தான். கத்தி எடுக்கவில்லை, கை ஓங்கவில்லை. சாவி இடுப்பில் இருந்தது, திறக்கவில்லை. அவ்வளவுதான்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அப்போது மலைக்கு ஜீப்பு போகிற ரோடு போடிமெட்டு வழி ஒன்றுதான். எங்கள் தோட்டங்களுக்கு அது பெரிய சுற்று. நாங்கள் தேவாரத்துப் பக்கம் அடிவாரத்தில் இருந்து நடைபாதையில் ஏறுவோம். அரை நாள் ஏற்றம். ஏறும்போது தலையில் அரிசி, உப்பு, மண்ணெண்ணெய். இறங்கும்போது உலர்ந்த ஏலக்காய் மூட்டை. அடிவாரத்தில் மாட்டு வண்டி நிற்கும். என் மச்சினன்தான் வண்டிக்காரன், பெண்டாட்டியின் தம்பி. அவன் போடி மண்டிக்குக் கொண்டு போய் இறக்குவான்.

மலை கேரளம், அடிவாரம் நம்முடையது என்று ஆன பிறகு பாதையில் காவல் கூடியது. அரிசி மேலே போகக் கூடாது என்றார்கள். மலையில் நெல் விளையாது. வேலை செய்கிறவன் எதைத் தின்பான் என்று கேட்டால் பெர்மிட்டு எங்கே என்பார்கள்.

ஒரு நாள் என்னைப் பிடித்தார்கள். மூட்டையில் இருந்தது எனக்கும் என் பெண்டாட்டிக்கும் அந்த மாசத்துச் சோறு. இறக்கி வை என்றான் காவல்காரன். இறக்கினேன். அந்த நேரம் தோட்டக்காரர் கீழே இருந்து நடந்து வந்தார். அவர் எப்போதும் நடந்துதான் வருவார். டோலி கிடையாது, குதிரை கிடையாது. நான் அவர் தோட்டத்துக்கு அப்போது புதுசு. என் முகம் கூட அவருக்குத் தெரியாது.

என்ன என்று கேட்டார். சொன்னேன். காவல்காரனைப் பார்த்தார்.

"அரிசி இவன் அரிசி. விலை குடுத்து வாங்கினது. தலையும் இவன் தலை. நடுவுல நீங்க யாரு?"

ஆர்டர் என்றான் அவன்.  அவர் என் அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெயில் இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எடுப்பதாக இருந்தால் என்னோடு சேர்த்து எடு என்றார். மேல் அதிகாரி வந்தான். இவரைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், போகச் சொல்லிவிட்டான். அவரே ஒரு பக்கம் பிடித்து என் தலையில் ஏற்றிவிட்டார்.

அன்றைக்கு நான் அவர் ஆளானேன்.

முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். அண்ணே என்று கூப்பிடச் சொல்வார். எவனும் எவனுக்கும் முதலாளி இல்லை, நீ பலத்தை விற்கிறாய், நான் வாங்குகிறேன், பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே போகலாம் என்பார். கங்காணி ஒருவன் காய் எடுக்கிற பொம்பளை மேல் கை வைத்தான். அன்றைக்கே அவனை அனுப்பினார். தோட்டத்தில் எல்லாச் சாதிக்கும் ஒரே தம்ளர். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. சர்க்காரை மட்டும் அவருக்கு ஆகாது. சீல் வைத்த திருடன் என்பார்.

தையல்காரருக்கு இதெல்லாம் தேன். போலீசை எதிர்க்கிறான், சாதி பார்க்கவில்லை, முதலாளி என்ற சொல்லே வேண்டாம் என்கிறான், நம்ம ஆள்தான், இன்னும் கொடி பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்பார். மண்டிக் கணக்கர் சிரிப்பார். தோட்டத்தில் ஒரு சென்ட்டைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் பாரும் உம்ம ஆளை என்பார்.

சங்கம் வைக்கத் தையல்காரர் மலைக்கு வந்தபோது தோட்டக்காரர் விரட்டவில்லை. நாற்காலி போட்டார். காப்பி கொடுத்தார். சேர்கிறவன் சேரட்டும் என்றார். சேர்ந்தவனை என் தோட்டத்தில் வைத்துக்கொள்வதும் வைக்காததும் என் இஷ்டம் என்றும் சொன்னார். தையல்காரர் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தார். அந்த வாரம் கடையில் மிஷின் ஓடவில்லை, சண்டை மட்டும் ஓடியது. இடது, வலது என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் அரசியலில் கேட்டேன். அதுவரை எனக்கு அது மாட்டைக் கட்டுகிற பக்கம்தான். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"அண்ணே, நானும் வந்ததுல இருந்து கேக்குறேன். இடத்த மாடா, வலத்த மாடான்னு அடிச்சுக்கிர்றீக. அவரு எங்க நொகத்தடியில கழுத்தக் குடுத்தாரு? வண்டி மேலல்ல உக்காந்திருக்காரு."

கணக்கர் கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணனை அவன் கேலி பண்ணுகிறான் என்று இருந்தது. வழியெல்லாம் அவனோடு பேசாமல் வந்தேன்.

என் பெண்டாட்டியும் அப்படித்தான் ஒரு நாள் சொன்னாள். உங்க அண்ணன் நல்லவர்தான், ஆனால் வாயைத் திறந்தால் 'என்', 'என்' என்றே வருகிறதே என்றாள். என் அரிசியை மீட்டுக் கொடுத்தவர்டி என்றேன். அதைத் தின்றுதான் பேசுகிறேன் என்றாள்.

கதவு வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

காவல்காரர்கள் சுமைக்காரர்களைத் துரத்திக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே வர ஆரம்பித்தார்கள். லயத்தில் பானையைத் திறந்து அரிசி அளந்தார்கள். லயம் என்பது நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடு. பொம்பளைகள் பயந்தார்கள். தோட்டக்காரர் தீர்மானம் பண்ணினார். பாதை தோட்டத்துக்குள் நுழைகிற மேல் முனையில் ஒரு கதவு, வெளியே போகிற கீழ் முனையில் ஒரு கதவு. என் நிலத்துக்குள் சர்க்கார் கால் வைக்கக் கூடாது என்றார்.

அந்தக் கதவுக்குப் பலாச் சட்டம் சுமந்தவன் நான். இரும்புப் பட்டையும் நான்தான். மூன்று பேர், நான்கு நடை. கூலி வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, கொடுத்தார். கதவு நிறுத்திய அன்று மஞ்சள் குங்குமம் வைத்தோம். சூடம் கொளுத்தினோம். தையல்காரர் கூட ஏறி வந்து கை தட்டினார். போலீசுக்கு எதிராக எழும்பிய கதவு என்று பேசினார்.

எங்களில் ஒருவனுக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. அந்தப் பாதை தோட்டத்துக்கு முந்தியது. யானை இறங்கின தடம். அதன் பின்னால் ஆள் நடந்தான். அதற்கும் பின்னால்தான் ஏலம் வந்தது. மேலே இருக்கிற மற்ற தோட்டத்து ஆட்களுக்கும் கீழே இறங்க அதுதான் வழி. கதவு காவல்காரனுக்கு மட்டும் அடைக்கும் என்று நினைத்தோம். கதவுக்கு ஆள் தெரியுமா?

மேல் தோட்டத்து முதலாளி கோர்ட்டுக்குப் போனார். பாதை பொது என்று கேசு போட்டார். அதுவரை மேல் தோட்டத்து ஆட்கள் விளிம்பு வழியாகச் சுற்றி இறங்கினார்கள். விளிம்பு என்றால் புல்மேடு. ஒரு பக்கம் பள்ளம். காற்று தள்ளும். நடையும் இரண்டு பங்கு.

அந்த வருஷம் ஆடியில் என் பெண்டாட்டிக்கு மேல் தோட்டத்தில் காய் எடுக்க வேலை கிடைத்தது. நானும் அங்கேயே போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். மனத்தாங்கல் இல்லை. போகும்போது ஒரு போர்வை கொடுத்தார். மேலே குளிர் சாஸ்தி என்றார்.

ஐப்பசியில் அவளுக்கு எட்டாம் மாசம். ஏலச்செடிக்கு அடியில் குனிந்துதான் காய் எடுக்க வேண்டும். வேண்டாம் என்றேன். இந்தச் சுற்று முடியட்டும் என்றாள். ஒரு நாள் மத்தியானம் செடிக்குள் இருந்து எழுந்திரிக்கவில்லை. ரத்தம் போயிருந்தது. மருத்துவச்சி அடிவாரத்தில். அதற்கு மேல் என்றால் போடி ஆஸ்பத்திரி.

மச்சினன் அன்றைக்கு மேலே வந்திருந்தான், அக்காவைப் பார்க்க. இரண்டு பேரும் மூங்கிலில் கம்பளியைக் கட்டி அவளைப் படுக்க வைத்துத் தூக்கினோம். மழை. மேகம் தரையில் கிடந்தது. மேல் கதவுக்கு வந்தோம். பூட்டு.

கத்தினேன். ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற கட்டடத்தில், அவரே இருந்தார். குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அதை நான் மறைக்கவில்லை. மாறியது.

"அண்ணே, தெறங்க" என்றேன்.

கை இடுப்புச் சாவிக்குப் போனது, எடுக்கவில்லை.

"இன்னைக்குத் தெறந்தா, தெறந்த வழின்னு நாளைக்கு கோர்ட்டுல எழுதிருவான். அப்புறம் சர்க்காரு உள்ள வந்துரும். வழி என் நிலம். ஒருத்தனுக்குத் தெறந்தா எல்லாத்துக்கும் தெறந்த மாதிரி."

அக்கா செத்துருவாண்ணே என்றான் மச்சினன்.

அவர் திரும்பி ஆள் கூப்பிட்டார். நல்ல திடமான ஆட்கள் இரண்டு பேரைக் கொடுத்தார். புதுக் கம்பளி கொடுத்தார். பிராந்தி கொடுத்தார். தார்ப்பாய் கொடுத்தார். எல்லாவற்றையும் கதவுக்கு மேலேதான் தூக்கிக் கொடுத்தார். ஆட்களும் ஏறித்தான் குதித்தார்கள்.

"ஒதவி என்ன வேணாலும் செய்றேன். வழி மட்டும் கேக்காத. வெரசா சுத்திப் போங்க."

பூட்டை உடைத்திருக்கலாம். என்னிடம் அரிவாள் இருந்தது. இன்றைக்கு வரைக்கும் அதை நினைக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கதவு அவருடையது என்று என் புத்தியில் அவ்வளவு ஆழமாக ஏறியிருந்தது. ஏற்றினவர் அவர். சுமந்தவன் நான்.

புல்மேட்டில் பாதி தூரத்தில் அவள் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். வந்தாச்சு என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கீழே இரண்டு பாதையும் சேருகிற இடத்தில் இறக்கிப் பார்த்தோம். இல்லை. தார்ப்பாய்க்குள் அவள் நனையவே இல்லை. அவர் கொடுத்த தார்ப்பாய் நல்ல தார்ப்பாய்.

எட்டாம் நாள் அரிவாளோடு ஏறினேன். கீழ்க் கதவில் ஏறிக் குதித்து உள்ளே போனேன். அவர் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அரிவாளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"என் நியாயத்துக்கு நான் செஞ்சது சரி. நான் தூங்கலைங்கிறது வேற. உன் நியாயத்துக்கு என்னைய வெட்டணும்னா, வெட்டு. ஆளக் கூப்பிட மாட்டேன்."

வெட்டவில்லை. பயந்து இல்லை. அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தேன். வெட்டினால் அவருக்கு ஒரு நிமிஷம். எனக்கு ஒரு நிமிஷம் போதாது. இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பொம்பளை செத்தால் அவள் பேரில் சுமைதாங்கி போடுவார்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைப்பது. தலை உயரம். சுமையோடு வருகிறவன் குனியாமல், இன்னொரு ஆள் உதவி இல்லாமல், சுமையை அதில் தள்ளி வைத்து இளைப்பாறலாம். சுமக்கிற ஒவ்வொருவனும் இறக்கி வைக்கும்போது இறக்கி வைக்க முடியாமல் போனவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

மாமியார் வீட்டில் ராசிங்காபுரத்து வயல் ரோட்டில் போடலாம் என்றார்கள். ஊர் நடமாட்டம் உள்ள இடம், புண்ணியம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். மலையில்தான் என்றேன். அவளை இறக்கிப் பார்த்த இடத்தில். கீழ்க் கதவில் இருந்து கூப்பிடு தூரம். தோட்டத்துச் சுமை எது இறங்கினாலும் அதைத் தாண்டித்தான் இறங்கணும்.

பொட்டிபுரத்துப் பக்கம் பாறையில் கல் வெட்டி மச்சினன் வண்டியில் அடிவாரத்துக்குக் கொண்டுவந்தான். எட்டுப் பேர் தூக்கி ஏற்றினோம். முப்பதாம் நாள் நட்டோம். பேர் வெட்டட்டுமா என்று கல்தச்சன் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். மச்சினனுக்கு வருத்தம். அவனிடம் காரணம் சொல்லவில்லை. பேர் இருந்தால் சுமைக்காரன் பார்த்துவிட்டுப் போய்விடுவான். பேர் இல்லாவிட்டால் யாருக்குப் போட்டது என்று கேட்பான். கேட்டால் நான் சொல்வேன்.

சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேலையை விட்டேன். காலையில் ஏறுவேன், கல் பக்கத்தில் உட்காருவேன். சுமைக்காரர்கள் வருவார்கள். இறக்கி வைப்பார்கள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். யாருக்குப் போட்டது என்று கேட்பார்கள். நான் சொல்வேன். எட்டு மாசக்காரி. மேலே கதவு பூட்டியிருந்தது. திறக்கச் சொன்னோம், திறக்கவில்லை. சுற்றி வந்தோம், இங்கே செத்தாள். நான்கே வாக்கியம். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தூக்காதே என்று ஒருவனிடமும் சொன்னதில்லை.

அவனவன் தன் தலையில் இருந்த மூட்டையைப் பார்ப்பான். அந்தக் கதவுக்குள் இருந்து வந்த மூட்டை. அதை இவள் கல் மேல் வைத்திருக்கிறோம் என்று தெரியும். சிலர் அழுதார்கள். ஒரு கிழவர் மூட்டையைத் திரும்பவும் மேலே கொண்டு போய்க் கதவுக்கு உள்ளே போட்டுவிட்டு வெறும் தலையோடு இறங்கிப் போனார்.

பத்து நாளில் அவருக்குச் சுமை தூக்க ஆள் இல்லை. ஸ்டோரில் காய் குவிந்தது. போடியில் இருந்து கழுதைக்காரன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கழுதைக்காரனும் கல்லைப் பார்த்தான். அவனும் கேட்டான். ஒரு நடையோடு நின்றான்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி வந்து படுத்தால் அந்தக் காய் பூத்துப் போகிற வாசம் மூக்கில் வரும். மழைக் காலத்தில் உலர்ந்த காய் கிடந்தால் ஈரம் ஏறும், பச்சை போய் வெளுக்கும், அப்புறம் பூஞ்சை. வெளுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே தூங்குவேன்.

தையல்காரர் கொடியோடு ஏறி வந்தார். கல் பக்கத்தில் கம்பம் நடலாம், இதை ஸ்டிரைக்கு என்று அறிவிக்கலாம், கோரிக்கை எழுதலாம் என்றார். கொடி வேண்டாம் என்றேன்.

"அப்ப இதுக்குப் பேரு என்னய்யா? நீ எந்தப் பக்கம்?"

பக்கம் எல்லாம் தெரியாது, அவர் அழியணும் என்றேன். தையல்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கூடி நின்றால்தான் கதவு திறக்கும் என்றார். எனக்குக் கதவு திறக்க வேண்டாம் என்றேன். இப்போது திறந்து யாருக்கு? கொடியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மண்டிக் கணக்கரும் ஆள் விட்டார். சர்க்காரிடம் சொல்லிச் சுமைக்காரர்களை மிரட்டிக் கூட்டி வரலாமா என்று தோட்டக்காரரிடம் கேட்டாராம். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குக் காதில் வந்தது. தலை அவர்கள் தலை, ஒருவனையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றாராம்.  அவர் ஒரு தடவையாவது மாற்றிப் பேசணும் என்று காத்திருந்தேன். பேசவில்லை.

மார்கழி கடைசியில் ஒரு நாள். வெயில் சுள்ளென்று இருந்தது. கீழ்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ சுமையோடு இறங்கி வருகிறார்கள். நடை சரியில்லை. சுமைக்காரன் நடை முழங்காலில் இருக்கும். இந்த ஆள் முதுகால் நடந்து வந்தான். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. அவர்.

தலையில் முழு மூட்டை. சும்மாடு சரியாகச் சுற்றவில்லை, ஒரு பக்கம் சரிந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் வேர்வை வழிந்தது, துடைக்கக் கை இல்லாமல் கண்ணை மூடி மூடித் திறந்தார். மேலே யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வழியில் இறக்கினால் திரும்ப ஏற்ற ஆள் இல்லை. அதற்குத்தானே சுமைதாங்கி.

கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். நேராகக் கொண்டுபோய் வைக்கவில்லை. வேறு எவனாக இருந்தாலும் வைத்திருப்பான். சுமைதாங்கியில் வைக்க ஒருவனும் ஒருவனையும் கேட்டது கிடையாது. அவர் கேட்டார்.

"வைக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கல்லு உன்னுதா?"

"என்னுது."

"சரி" என்றார்.

போனார்.

நான் எவ்வளவு நாளாக இதற்குக் காத்திருந்தேன். கெஞ்சுவார் என்று நினைத்தேன். திட்டுவார், என்னைத் தள்ளிவிட்டு வைப்பார் என்று நினைத்தேன். தள்ளினால் அரிவாள் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு நீ திறந்தாயா என்று கேட்க வேண்டும் என்று தினமும் சொல்லிப் பார்த்த பேச்சு வாயில் இருந்தது. அவர் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. கல் நின்ற இடம் சர்க்கார் புறம்போக்கு. எனக்கு அதில் ஒரு சாண் உரிமை கிடையாது. கேசு நடத்துகிற மனிதர், ஒவ்வொரு எல்லைக் கல்லும் அவருக்குப் பாடம். அவருக்குத் தெரியும். அதைக் கூடச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். இரண்டு இடத்தில் முழங்கால் மடங்கியது. விழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்தேன். நன்றாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன்.

அவர் அடிவாரம் வரைக்கும் இறக்கி வைக்காமல் போயிருக்கிறார். வண்டி நிற்கிற இடத்தில் விழுந்திருக்கிறார். மச்சினன்தான் தண்ணீர் கொடுத்து, வண்டியில் படுக்க வைத்துப் போடிக்குக் கொண்டு போனான். அதற்குப் பிறகு அவர் கழுத்து திரும்பவில்லை. ஆளைப் பார்க்க வேண்டும் என்றால் உடம்போடு திரும்புவார் என்றார்கள்.

மறுநாள் மச்சினன் ஏறி வந்தான். உட்காரவில்லை.

"மாமா, அந்தாளு வைக்கட்டுமான்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"வேண்டாம்னீகளா?"

"ஆமா."

"எங்கக்கா சொம எறங்கட்டும்னுதான கல்லு போட்டோம். வந்த சொமையத் திருப்பி அனுப்புனா அது யாரு தலையில ஏறும்?"



"அவரு அக்காவுக்குக் கதவப் பூட்டுனாரு. நீங்க அக்கா கல்லயே பூட்டிட்டீக."

அதோடு போய்விட்டான். அதன் பிறகு எங்கே பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போவான். மாமியாரும் அவனும் முறை வைத்துக் கல்லுக்கு விளக்குப் போட்டார்கள். நான் உட்காருகிற இடத்தில் உட்காருவார்கள். நான் போனால் எழுந்திரிப்பார்கள். நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

பங்குனியில் அவர் தோட்டத்தை விற்றார். கேசு மேல் தோட்டத்துப் பக்கம் தீர்ப்பானது. சர்க்கார் ஆள் வந்து இரண்டு கதவையும் கழற்றினார்கள். நான் சுமந்த பலாச் சட்டத்தை ஏலம் போட்டார்கள். யார் எடுத்தார்கள் என்று தெரியாது.

தையல் கடையில் சண்டை நிற்கவில்லை. கதவைத் திறந்தது சர்க்கார்தானே, அதனால் அவர் வலதுதான் என்று தையல்காரர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். இப்போது கணக்கர் மாறினார். சர்க்காரை வைத்து மிரட்டலாம் என்றதற்கு ஒத்துக்கொள்ளாதவன் எப்படி எங்கள் ஆள் ஆவான், அவன் உங்களவன்தான் என்றார். யாருக்கும் வேண்டாத பிள்ளையை இரண்டு வீட்டு வாசலிலும் போட்டு எடுக்கிற மாதிரி.

என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தவரும், கதவைத் திறக்காதவரும் ஒரே ஆள்தான், பேசியதும் ஒரே பேச்சுதான். அதை அவர் ஒரு எழுத்து மாற்றவில்லை. தலையில் சுமை இருந்தபோது அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தபோது அதே பேச்சு என் வீட்டைத் தின்றது. அதனால் பேச்சைக் கேட்டு ஆளை எந்தப் பக்கத்திலும் கட்ட முடியாது, அவன் கையில் அப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றேன். தையல்காரர் இது சரியான விளக்கம் இல்லை என்றார். இருக்கட்டும். கல் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது என் கையிலும் ஒன்று இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவர் போடியில் செத்தார். தையல்காரர் எழவுக்குப் போனார். கணக்கரும் போனார். பாடையை எடுக்கும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோள் கொடுத்தார்களாம். மச்சினன் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனான். ஊரில் பாதிப் பேர் போனார்கள்.

எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு மேல் தோட்டத்தில் சோலி இருந்தது. ஏறிப் போனேன்.